அழிக்கப்பட்ட முடிபுகள்



வழக்கறிஞர் தொழிலில் வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவுக்கு என்னை அழைத்த குழுவினர், அரசியல் சாசனம், அடிப்படை உரிமை என்பன போன்ற பெரும்பொருள் ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டதோ, சட்டம் என்னும் மாளிகையின் கொல்லைப்புறத்தில், அதிகம் பேர் எட்டிப் பாராத ஓர் அறையைப் பற்றியது. இங்கிலாந்து தேசத்தில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்துபட்டால், அம்மரணத்தை விசாரிப்பதற்கென்றே ஏற்பட்ட அதிகாரியின் முன்னிலையில் எழுதப்படும் முடிபைப் பற்றியும், அம்முடிபு பிழையென்று சொல்லிக்கொண்டு உயர் நியாயஸ்தலத்தின் வாயிலில் வந்து நின்றவர்களைப் பற்றியுமே இன்று பேசப்போகிறேன்.

இவ்விஷயத்தில் எனக்குப் பற்று உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. என் சிறுபிராயத்தில் எங்கள் ஊர்க் கமலைக் கிணற்றில் ஒரு குடியானவர் பிணமாக மிதந்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போடச் சொல்லி அதில் அமர்ந்து, ஊர்ப் பெரியவர்கள் ஐவரைப் பஞ்சாயத்தாராக அழைத்து நிறுத்தி, இன்னார் கால் தவறி விழுந்து மூச்சுமுட்டி இறந்ததாக அபிப்பிராயப்படுகிறோம் என்று தாமே எழுதி, கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கையெழுத்தும் தெரியாதவரிடம் ரேகையும் வாங்கிக்கொண்டார். இறந்தவரின் தாய், வயோதிகை, 'அஞ்சு பேருல யாரு சாமி பாத்தது?' என்று கேட்டாள். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். நம் நாட்டில் அப்போதிருந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் பிரகாரம் அந்தப் பஞ்சாயத்து அறிக்கை தீர்ப்பு அன்று. போலீஸார் மேலே விசாரிப்பதற்கு ஒரு தொடக்கம் மட்டுமே. ஆகையால் அதை எதிர்த்து ஒருவரும் வழக்காடவில்லை; வழக்காடவும் வழியில்லை. கிழவியின் கேள்விக்குச் சட்டத்தில் இடம் இருக்கும் நாடு ஒன்று உண்டென்று பின்னாளில் படித்தறிந்தபோது, அவ்விடம் எத்தனை குறுகியது, அதற்குள் நுழைய எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பனவற்றையும் சேர்த்தே அறிந்துகொண்டேன்.

கொரோனர் என்று ஆங்கிலேயர் வழங்கும் இவ்வுத்தியோகஸ்தரை இலங்கைத் தமிழர் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று வெகு பொருத்தமாக அழைக்கின்றனர். நாமும் சுருக்கமாக மரண விசாரணை அதிகாரி என்றே கூறுவோம். இப்பதவி 1194-ஆம் ஆண்டில், முதலாம் ரிச்சர்டு மன்னரின் காலத்தில் ஏற்பட்டது. கிரீடத்துக்கு உரிய வழக்குகளைக் காப்பவர் என்பதே அப்பெயரின் மூலப்பொருள். காப்பது என்றால் இறந்தவரின் மானத்தையோ உற்றாரின் துயரத்தையோ காப்பது என்று எண்ணிவிட வேண்டாம். காக்கப்பட்டது அரசரின் கஜானா. தன்னைத்தான் மாய்த்துக்கொண்டவனின் உடைமைகள் அரசருக்கு. கொலைஞனின் உடைமைகள் அரசருக்கு. ஒருவன்மேல் ஏறி அவனைக் கொன்ற வண்டிச் சக்கரத்தின் விலைகூட அரசருக்கு. இந்தக் கடைசி வழக்கம் 1846-இல்தான் ஒழிந்தது. இருப்புப்பாதைகள் பரவி, ஒரு விபத்துக்கு ஒரு ரயில் எஞ்சினின் விலையைச் செலுத்த நேருமோ என்று கம்பெனிக்காரர்கள் அஞ்சத் தொடங்கிய காலத்தில் அது ஒழிந்தது தற்செயல் அன்று என்பது என் அபிப்பிராயம்.

இவ்வாறு வரவு செலவுக் கணக்குக்காகப் பிறந்த விசாரணை, காலப்போக்கில் நான்கு கேள்விகளாகச் சுருங்கிற்று. இறந்தவர் யார், எப்போது இறந்தார், எங்கே இறந்தார், எவ்வாறு இறந்தார். முதல் மூன்றுக்கும் விடை பெரும்பாலும் விசாரணை தொடங்குமுன்பே தெரிந்திருக்கும். நான்காவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் ஜூரிகள், இன்னார் கொன்றார் என்று பெயர் குறித்து எழுதி, அவ்வெழுத்தின் பலத்தாலேயே அவரைக் குற்ற விசாரணைக்கு அனுப்பிவிடலாம். 1975-இல், தம் வீட்டுச் செவிலிப் பெண்ணின் மரணத்துக்காகத் தலைமறைவாகிவிட்ட லூக்கன் பிரபுவைக் கொலைகாரர் என்று பெயர் சொல்லி ஜூரிகள் முடிபு எழுதிய பிறகு, அவ்வதிகாரம் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. இன்று மரண விசாரணை யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது; யாரும் நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர் என்றும் சொல்லக்கூடாது. வாதி இல்லை, பிரதிவாதி இல்லை, ஜயமும் தோல்வியும் இல்லை. ஆனால் முடிபு உண்டு. தற்செயல் மரணம், தற்கொலை, சட்ட விரோதக் கொலை என்ற சொற்களுள் ஒன்று, பேச வாய் இல்லாத ஒருவரின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிறது. விசாரித்தும் துணிய இயலாதவிடத்து எழுதுகின்ற ஒன்றும் உண்டு. அதனை முடிவுறா முடிபு என்று மொழிபெயர்க்கத் துணிகிறேன்.

இம்முடிபின்மேல் அப்பீல் கிடையாது. ஒரு ரூபாய்க் கடன் வழக்கிலும் மேல்முறையீடு உண்டு என்று பழகிய நமக்கு இது வியப்பைத் தரும். வழிகள் இரண்டே. ஒன்று, அதிகாரி சட்டம் தவறி நடந்தார் என்று காட்டி ஐகோர்ட்டில் நீதிப் பரிசீலனை கோருவது. தாமதமின்றி, மிஞ்சினால் மூன்று மாதத்துக்குள், கோரியாக வேண்டும். மற்றொன்று, 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவாக இன்றும் உயிரோடிருப்பது. மோசடியாலோ, சாட்சியத்தைத் தள்ளியதாலோ, நடைமுறைப் பிறழ்ச்சியாலோ, விசாரணை போதாமையாலோ, புதிய செய்திகள் வெளிப்பட்டமையாலோ, வேறொரு விசாரணை நீதியின் பொருட்டு அவசியம் அல்லது விரும்பத்தக்கது என்று ஐகோர்ட் கருதினால் பழைய முடிபை ரத்து செய்யலாம். இவ்வழிக்கு மாதக் கெடு இல்லை. ஆனால் வாயிற்காவலர் ஒருவர் உண்டு. அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாகிய அட்டர்னி ஜெனரலின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவ்வாயிலில் ஒருவரும் நுழைய முடியாது. உள்ளே நுழைந்து வென்றவருக்கும் ஐகோர்ட் புதிய முடிபு எதையும் எழுதித் தருவதில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அழிக்கிறது, அழித்த இடத்தை வெறுமையாக விட்டு, மறுபடி கேளுங்கள் என்கிறது. நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த வெறுமையைப் பற்றியதே.

முதலில் அழிக்கச் சொல்லி வந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 1819 ஆகஸ்டு 16-ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்துப் புனித பீட்டர் மைதானத்தில், சீர்திருத்தம் வேண்டிக் கூடியிருந்த பெருங்கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்தது. அங்கே வெட்டுண்டவர்களுள் ஒருவர் ஓல்டாம் ஊரைச் சேர்ந்த ஜான் லீஸ் என்னும் இளைஞர். வாட்டர்லூப் போரில் நின்று உயிர் தப்பியவர், தம் நாட்டுப் படையின் வாளுக்குத் தப்பாமல் மூன்று வாரம் நோவில் கிடந்து செப்டம்பர் 7-ஆம் நாள் மாண்டார். அவருடைய மரண விசாரணை பல நாள் நடந்தது. சாட்சிகள் வாய் திறக்கத் திறக்க, ஜூரிகள் என்ன எழுதுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியமாயிற்று. அதிகாரி விசாரணையை அக்டோபரில் நிறுத்தி டிசம்பருக்கு ஒத்திவைத்தார். உடனே நடத்தும்படி உத்தரவிடுங்கள் என்று கிங்ஸ் பெஞ்ச் நியாயஸ்தலத்தில் உற்றார் சார்பில் விண்ணப்பம் போயிற்று. அங்கே கிடைத்த விடை யாது? பிரேதத்தை ஜூரிகளும் அதிகாரியும் ஒருசேர நின்று பார்த்திருக்க வேண்டும். இங்கே அவர்கள் ஒருபொழுதும் இவர் ஒருபொழுதுமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே விசாரணை ஆதிமுதலே செல்லாது என்பதுதான். முடிபு பிறக்குமுன்பே அழிந்தது. ஜான் லீஸ் எவ்வாறு இறந்தார் என்று சட்டம் இன்றுவரை சொல்லவில்லை. பிரேதத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அடியோடு நீங்கியது 1980-இல் என்பதையும், அதற்குள் நூற்றறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

பதினான்கு ஆண்டு கழித்து லண்டனில் நேர்ந்தது இதைவிடச் சுவையானது. 1833 மே 13-ஆம் நாள் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்னுமிடத்தில், வாக்குரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர் கூட்டத்தைப் புதிதாய்த் தோன்றியிருந்த போலீஸ் படை தடிகொண்டு கலைத்தபோது, ராபர்ட் கல்லி என்ற போலீஸ்காரர் குத்துண்டு இறந்தார். கால்தார்ப் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையின் மாடியில் மரண விசாரணை கூடிற்று. ஜூரிகள் பதினேழு பேர், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். தலைவர் ஒரு ரொட்டிக் கடைக்காரர். அவர்கள் எழுதிய முடிபு: நியாயமான கொலை. கலகச் சட்டம் வாசிக்கப்படவில்லை, கலைந்து போகும்படி எச்சரிக்கை செய்யப்படவில்லை, போலீஸார் மிருகத்தனமாக நடந்தார்கள் என்று காரணங்களையும் கூடவே எழுதினார்கள். திருத்துங்கள் என்று அதிகாரி மன்றாடிப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரர் அசையவில்லை. அரசாங்கத்தார் கிங்ஸ் பெஞ்சுக்கு ஓடி அம்முடிபை ரத்து செய்வித்தார்கள். மகாஜனங்களோ அந்தப் பதினேழு பேருக்கும் பதக்கம் அடித்துக் கொடுத்து, விருந்து வைத்து, நீராவிக் கப்பலில் ராச்செஸ்டர் வரையில் உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றார்கள். கோர்ட் அழித்துவிட்ட எழுத்துக்குப் பதக்கம் கிடைத்த வேறொரு சந்தர்ப்பம் இருந்தால் அறிய விரும்புகிறேன்.

ஆக, அந்நாளில் முடிபை எழுதியவர் குடிமக்கள், அழிக்க வந்தது கிரீடம். அடுத்த நூற்றாண்டில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அதிகாரியும் அவர் கூட்டிய ஜூரிகளும் ஸ்தாபனங்களுக்கு இணக்கமாக எழுதுகிறார்கள் என்ற குறை வளர வளர, அழிக்கச் சொல்லி வந்து நிற்பவர் தாயாகவும் தமையனாகவும் மனைவியாகவும் மாறினர். நீதிப் புத்தகங்களில் இம்மாற்றத்தை ஒருவரும் தலைப்பிட்டு எழுதவில்லை. வழக்குகளின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே போதும், தானே விளங்கும்.

அவர்கள் மிகுதியாக எதிர்த்துப் போராடிய சொல் தற்கொலை. இச்சொல் அங்கே எத்தனை பாரம் சுமந்தது என்று நினைவூட்ட வேண்டும். தற்கொலை செய்துகொண்டவரை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823-இல் நின்றது. இரவு ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், சடங்கின்றிப் புதைக்கவேண்டும் என்ற விதி 1882 வரை நின்றது. உடைமை பறிமுதல் 1870 வரை. தற்கொலையே குற்றம் என்ற நிலை 1961 வரை. இரக்கமுள்ள ஜூரிகள், புத்தி பேதலித்த வேளையில் செய்தது என்று ஒரு வாலைச் சேர்த்து, பிணத்தையும் பிள்ளைகளையும் ஒருங்கே காப்பாற்றி வந்தனர். பின்னர், 1975-இல், கூரையிலிருந்து விழுந்து இறந்த ஒருவரைத் தற்கொலை என்று எழுதிய முடிபை ரத்து செய்தபோது, தலைமை நீதிபதி விட்ஜரி பிரபு ஒரு விதியை நிலைநாட்டினார். தற்கொலை ஊகித்துக்கொள்ளத்தக்கது அன்று. வேறு விதமாக நேர்ந்திருக்க இடமில்லை என்று சாட்சியம் காட்டவேண்டும். அது இல்லையேல் முடிவுறா முடிபே முறை.

இவ்விதியைச் சோதித்துப் பார்க்க ஏழே ஆண்டில் ஒரு பிரேதம் வந்தது. 1982 ஜூன் 18-ஆம் நாள் காலையில், தேம்ஸ் நதியின்மேல் உள்ள பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தின் அடியில், சாரக் கம்பத்தில் கட்டிய கயிற்றில் ஒரு பெரிய மனிதர் தொங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பைகளிலும் உடைக்குள்ளும் செங்கற் கட்டிகள். கூடவே பல தேசத்து நாணயங்கள். பெயரைச் சற்றே மாற்றி எழுதிய பாஸ்போர்ட். அவர் மிலான் நகரத்து அம்ப்ரோசியானோ வங்கியின் தலைவர் ராபர்ட்டோ கால்வி. வாடிகனோடு கொண்ட பணத்தொடர்பால் கடவுளின் வங்கியாளர் என்று பத்திரிகைகள் அழைத்தவர். அவருடைய வங்கி அப்போது சரிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள்தான் அவருடைய காரியதரிசிப் பெண்மணி மிலானில் வங்கியின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அறுபது கடந்த மனிதர், கனத்த தேகத்தினர், இருட்டில், செங்கல்லைப் பையிலிட்டு, நதியோரத்து ஏணியில் இறங்கிச் சாரத்தில் தாவிச் சென்று தூக்கிட்டுக்கொண்டார் என்பது நடக்கவே முடியாததும் அன்று. எளிதில் நம்பத்தக்கதும் அன்று.

இத்தனை சிக்கலையும் லண்டன் மாநகரின் மரண விசாரணை மன்றம் ஜூலை 23-ஆம் நாள் ஒரே நாளில் கேட்டு முடித்தது. காலையில் அமர்ந்த ஜூரிகள் இரவு வரை அமர்ந்து, பெரும்பான்மையால் தற்கொலை என்றார்கள். நம் கோர்ட்டுகளில் வாய்தா கேட்டு வாய்தா கேட்டு வழக்கு மூப்படைவதை நாம் பழிக்கிறோம். ஒருநாளில் முடிந்த விசாரணையும் பழிக்கத்தக்கதே என்பதற்கு இது சான்று. குடும்பத்தார் எதிர்த்தார்கள். 1983 மார்ச்சில் ஐகோர்ட் முடிபை ரத்து செய்தது. ஜூன் மாதத்தில் வேறோர் அதிகாரி முன் புதிய ஜூரிகள் கூடி, நீண்ட விசாரணைக்குப் பின் முடிவுறா முடிபு எழுதினார்கள்.

குடும்பம் பெற்றது என்ன என்று கேட்பீர்கள். தற்கொலை என்ற எழுத்து அழிந்தது; கொலை என்ற எழுத்து வரவில்லை. 2002-இல் இத்தாலிய நிபுணர்கள் எலும்பை ஆராய்ந்து கொலை என்றார்கள். ரோமாபுரியில் ஐவர்மேல் வழக்கு நடந்து 2007-இல் ஐவரும் விடுதலையானார்கள். வெறுமையான அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. ஆயினும், தந்தை தம்மைத்தாம் மாய்த்துக்கொண்டார் என்று அரசாங்க முத்திரையோடு எழுதப்பட்ட காகிதம் இல்லாமற்போவது பிள்ளைகளுக்கு அற்பமான லாபம் அன்று. இங்கே சட்ட நிபுணர் சிலரோடு நான் மாறுபடுகிறேன். அவர்கள் முடிவுறா முடிபைத் தோல்வி என்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் தைரியம் ஓர் அரசாங்கக் காகிதத்துக்கு வாய்ப்பது அரிது என்பதனால் அதை நான் கௌரவமாகவே கருதுகிறேன்.

இந்தக் கௌரவத்துக்கு அண்மையில் ஒரு குறைவு நேர்ந்தது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டால் அன்றித் தற்கொலை என்றோ சட்ட விரோதக் கொலை என்றோ எழுதலாகாது என்று 1980-களில் உறுதிப்பட்ட அளவுகோலை, 2020 நவம்பரில் ஐக்கிய ராஜ்யத்தின் உச்ச நியாயஸ்தலம் கைவிட்டது. சிறை அறையில் தூக்கில் தொங்கிய ஒரு கைதியின் தமையனோ தம்பியோ, தம் உடன்பிறந்தவர் சாக நினைத்தே செய்தார் என்று ஜூரிகள் எழுதியதை எதிர்த்து மூன்று கோர்ட்டு ஏறினார், மூன்றிலும் தோற்றார். தற்கொலை இன்று குற்றம் அன்று. ஆகையால் குற்ற வழக்கின் கடுமையான அளவுகோல் வேண்டியதில்லை. எது அதிகம் நம்பத்தக்கதோ அதுவே போதும் என்று ஐவருள் மூவர் தீர்ப்புரைத்தார்கள். இருவர் உடன்படவில்லை. தர்க்கம் சரி. சிறைகளில் நிகழும் தற்கொலைகளைச் சமூகம் உள்ளபடி எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற நோக்கமும் நன்று. இருந்தும் எங்கள் ஊர்க் கிழவியைக் கேட்டால், உடன்படாத இருவர் பக்கம்தான் நிற்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, எல்லாவற்றிலும் பெரிதான ஒன்று. 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்ப்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் கால்பந்து அரையிறுதி ஆட்டம். லெப்பிங்ஸ் லேன் வாயிலுக்கு வெளியே கூட்டம் நெருக்கியபோது, 2 மணி 52 நிமிஷத்துக்குப் போலீஸார் பெரிய வெளிக்கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தவர்களை ஓரக் கொட்டடிகளுக்குத் திருப்பிவிட ஆள் நிறுத்தவில்லை. நேரே இருந்த சுரங்கவழி, முன்பே நிரம்பியிருந்த நடுக் கொட்டடிகளுக்குள் மக்களைக் கொண்டுபோய்த் தள்ளியது. முன்னே இரும்பு வேலி. ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கி 3 மணி 6 நிமிஷத்துக்கு நின்றது. நசுங்கி மூச்சடைத்து இறந்தவர்கள், இறுதிக் கணக்கில், தொண்ணூற்றேழு பேர்.

டெய்லர் என்ற நீதிபதி ஆகஸ்டிலேயே இடைக்கால அறிக்கை தந்து, முதற்காரணம் போலீஸ் கட்டுப்பாட்டின் தவறு என்று சொல்லிவிட்டார். ஆனால் அது மரண விசாரணை அன்று. மரண விசாரணை அதிகாரி செய்தது வேறு. இறந்தவர்களின் இரத்தத்தில், குழந்தைகள் உட்பட, மதுவின் அளவைச் சோதிக்கச் செய்தார். பின்னர், 3 மணி 15 நிமிஷத்துக்கு ஒரு கோடு கிழித்தார். அந்நேரத்துக்குள் எல்லோரும் மீளமுடியாத காயம் அடைந்துவிட்டார்கள் என்பது அவர் கொண்ட வைத்திய அபிப்பிராயம். ஆகையால் அதற்குப்பின் நடந்தது எதுவும், ஆம்புலன்ஸ் வந்ததோ வராததோ, வைத்தியர் கேட்டதோ கேளாததோ, எவ்வாறு இறந்தார் என்ற கேள்விக்கு உட்படாது என்று விலக்கினார். 1991 மார்ச் 28-ஆம் நாள் ஜூரிகள் ஒன்பதுக்கு இரண்டாகத் தற்செயல் மரணம் என்று எழுதினார்கள்.

குடும்பங்கள் நீதிப் பரிசீலனை கோரின. 1993 நவம்பரில் ஐகோர்ட் மறுத்தது. நேரக் கோடு சட்டப்படி சரி, விசாரணை போதுமானது என்பது கருத்து. அக்கோட்டுக்கு அப்பால் தம் பதினைந்து வயது மகன் உயிரோடு இருந்தான் என்று ஒரு தாய்க்குத் தெரியும். ஆன் வில்லியம்ஸ் என்ற அந்த அம்மையார், கடையொன்றில் பகுதிநேர வேலை பார்த்தவர். மாலை நான்கு மணியளவில் அவன் அம்மா என்று ஒரு சொல் சொல்லி உயிர் விட்டதாக, அவனைக் கையில் ஏந்தியிருந்த பெண் போலீஸ் ஒருவர் சொல்லியிருந்தார். பெரும்பெரும் வைத்தியர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய அபிப்பிராயங்களைத் திரட்டி, அந்த அனுமதிச் சீட்டுக்காக அட்டர்னி ஜெனரலின் கதவை மீண்டும் மீண்டும் தட்டினார், மறுக்கப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நியாயஸ்தலத்துக்குப் போனார். காலங்கடந்து வந்தீர் என்று 2009-இல் அதுவும் தள்ளிற்று. அரசாங்கத்தார்மேல் புகார் சொல்ல அரசாங்கத்தாரிடமே சீட்டு வாங்கவேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி நான் தனியாகக் கண்டனம் செய்யத் தேவையில்லை. அந்த அம்மையாரின் இருபது ஆண்டுகளே போதும்.

2012 செப்டம்பர் 12-ஆம் நாள் சுதந்திரக் குழு ஒன்று, அதுவரை மூடிக்கிடந்த காகிதக் கட்டுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116-இல் போலீஸுக்குப் பாதகமான வாசகங்கள் நீக்கப்பட்டிருந்தன. 3.15-க்குப் பின்பும் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றது குழு. இப்போது அட்டர்னி ஜெனரல் தாமே மனுதாரராகி வந்தார். டிசம்பர் 19-ஆம் நாள் தலைமை நீதிபதி ஜட்ஜ் பிரபு பழைய முடிபுகளை ரத்து செய்தார். நீதிபதியின் பெயரே ஜட்ஜ். என் கற்பனை அன்று. புற்றுநோய் முற்றிச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அத்தீர்ப்பைக் கேட்ட ஆன் வில்லியம்ஸ், நான்கு மாதம் கழித்து 2013 ஏப்ரலில் காலமானார். தற்செயல் மரணம் என்ற எழுத்து மகன் பெயரிலிருந்து நீங்கியதைக் கண்டார். அவ்விடத்தில் எழுதப்பட்டதைக் காணவில்லை.

புதிய விசாரணை வாரிங்டன் என்னுமிடத்தில் 2014 மார்ச் 31-இல் தொடங்கி இரண்டாண்டுக்கு மேல் நடந்தது; பிரிட்டிஷ் சரித்திரத்தில் ஜூரிகள் இவ்வளவு நீண்டகாலம் கேட்ட வழக்கு வேறில்லை. நேரக் கோடு இல்லை. இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும், அவர் எப்படிப்பட்டவர் என்று உற்றார் எழுந்து சொல்ல முதலில் அனுமதிக்கப்பட்டது. கேள்விகள் பதினான்கு. ஆறாவது கேள்வி, இவர்கள் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்களா என்பது. அப்போது அளவுகோல் இன்னும் தளர்த்தப்படவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி என்ற பழைய கடுமையே. 2016 ஏப்ரல் 26-ஆம் நாள் ஜூரிகள் ஏழுக்கு இரண்டாக ஆம் என்றார்கள். ஏழாவது கேள்வி, பார்வையாளர்களின் நடத்தை ஆபத்துக்குக் காரணமாயிற்றா என்பது, இல்லை என்றார்கள். அதே அளவுகோலை வைத்து, அன்று மைதானத்தின் பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரிமேல் நடந்த குற்ற வழக்கில் முதல் ஜூரி ஒரு முடிவுக்கும் வர இயலாமற் கலைந்தது. 2019 நவம்பரில் இரண்டாவது ஜூரி அவரை விடுதலை செய்தது. ஆக, சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் உண்டு; கொன்றவர் என்று சட்டம் காட்டக்கூடியவர் இல்லை. இரண்டு காகிதங்களும் ஒரே அரசாங்கத்தின் ஆவணக் களஞ்சியத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மரண விசாரணை யாரையும் குற்றம் சாட்டாது என்று தொடக்கத்தில் நான் சொன்ன விதியின் நேர்விளைவு இது. முரண்பாடு என்று சிலர் எள்ளுகிறார்கள். இறந்தவரைப் பற்றிய கேள்வி வேறு, இருப்பவரைப் பற்றிய கேள்வி வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

வாரிங்டனில் எழுதப்பட்ட முடிபு தொண்ணூற்றாறு பேருக்கு. அந்நாளில் கொட்டடியில் மூச்சு நின்று மூளை பழுதடைந்து, தாய் தந்தையரின் பராமரிப்பில் காலங்கழித்த ஒருவர் இருந்தார். அவர் 2021 ஜூலை மாதத்தில், மைதானத்தைவிட்டு வந்து முப்பத்திரண்டு ஆண்டு கழிந்தபின், இறந்தார். 3 மணி 15 நிமிஷத்துக்கு அப்பால் பார்க்க மறுத்த அதே உத்தியோகத்தில் இப்போது லிவர்ப்பூலில் வேறொருவர் அமர்ந்திருந்தார். அவர் அந்த மரணத்தையும் 1989 ஏப்ரல் 15-ஆம் நாளோடு சேர்த்து, சட்ட விரோதக் கொலை என்று எழுதினார். தொண்ணூற்றேழு என்ற கணக்கு அப்படி வந்தது.